புகையன் எவ்ளோ பெருசு?

ஒரு ஜனவரி மாசம் விடிகாலைல, புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கெடந்தப்ப, எங்க மாமா ஒரு பூனையப் பாத்தாரு. மாமான்னா அம்மா கூடப் பொறந்த தம்பி, மூணாறுல ராஜமலைக்கு அந்தாண்ட ஒரு டீ எஸ்டேட்ல முப்பது வருஷம் வாட்ச்சரா இருந்தவரு. தேயிலைக் காடு முடிஞ்சு சோலையும் புல்மேடும் ஆரம்பிக்கிற எல்லைதான் அவரு ரவுண்டு போற எடம், கம்பிளியப் போத்திக்கிட்டு கைல ஒரு கம்பு, ஒரு டார்ச், அவ்ளோதான். மேல பாறைல வரையாடுங்க நிக்கும், அது தெனமும் பாக்குறதுதான், ஆனா அன்னைக்கு ஒரு ஆடு விசிலடிச்ச மாதிரி சத்தம் குடுத்துச்சாம். வரையாடு அப்படிக் கத்துனா சிறுத்தையோ செந்நாயோ பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். மாமா அப்படியே நின்னுட்டாரு. பாறைக்குக் கீழ புல்லுக்குள்ள படுத்திருந்த ஒண்ணு எந்திரிச்சு நின்னுச்சு. சாம்பல் கலரு, புள்ளி இல்ல, வரி இல்ல, காட்டுப்பூனைய விடப் பெருசு, சிறுத்தைய விடச் சின்னது, வால் மட்டும் நல்ல நீளம். அவரை ஒரு தடவ பாத்துச்சு, திரும்புச்சு, அதுக்குள்ள பள்ளத்துல இருந்து மூடுபனி ஏறி வந்து எல்லாத்தையும் மூடிருச்சு, வெலகுனப்ப அங்க ஒண்ணும் இல்ல.

மாமா அந்த எடத்துக்குப் போனாரு. சுத்தி எல்லாம் வெள்ளை, அது படுத்திருந்த எடம் மட்டும் பச்சையா, புல்லு நசுங்கி, ஈரமா இருந்துச்சு. குனிஞ்சு உள்ளங்கைய வச்சுப் பாத்தாரு. அப்புறம் கைல இருந்த கம்ப வச்சு அந்தப் பச்சைய அளந்தாரு. கம்புக்கு ஒரு சாண் கொறச்சல்.

இதுக்கு எங்க மலைல புகையன்னு பேரு. புகை மாதிரி வரும் புகை மாதிரி போகும், அதனால புகையன். சந்தேஷ் கடூர்ங்கற வைல்ட்லைஃப் ஃபிலிம்மேக்கர், மேற்குத் தொடர்ச்சி மலைய வருஷக்கணக்குல படம் எடுத்தவரு, அவரு வழியாத்தான் இந்தப் பேரு வெளியுலகத்துக்குப் போச்சு. தோல் கிடைக்கல, எலும்பு கிடைக்கல, சந்தேகத்துக்கு எடமில்லாத ஒரு போட்டோ கிடைக்கல, அதனால சயின்ஸ் கணக்குல புகையன் இன்னும் இல்ல.

நான் பொறந்தது வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துல, இப்ப இருக்கிறது கம்பத்துல. இந்த லீவுல என் பையனோட உக்காந்து ராட்சச மிருகப் படமா பாத்துத் தள்ளுனேன், அவனுக்கு ஏழு வயசு, அந்த வயசுல எனக்கும் இதே பைத்தியம்தான். நாலஞ்சு படம் முடிஞ்சதும் அவன் கேட்டான், "அப்பா, இந்த மாதிரி யாருமே கண்டுபிடிக்காத மிருகம் நெசமாவே எங்கயாச்சும் இருக்குமா?" இருக்கும்டான்னு சொல்லிட்டேன், ஆனா அந்த "யாருமே"ங்கற வார்த்தை மட்டும் மனசுல இருந்து போகவே இல்ல, ரெண்டு நாளா அதுதான் ஓடிட்டிருக்கு. யாருமேன்னா யாரு? பாத்தவங்க இருக்காங்களே, பேரு வச்சவங்க இருக்காங்களே, அவங்கள்லாம் அந்தக் கணக்குல வரமாட்டாங்களா?

1933ல வந்த கிங் காங் படத்த எடுத்துக்கோங்க. நான் ரொம்ப மதிக்கிற படம் அது. வில்லிஸ் ஓ'பிரையன்னு ஒருத்தர், ஒண்ணரை அடி உயரப் பொம்மை, அதுக்கு மேல முயல் தோல், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கையால கொஞ்சம் நகத்தி நகத்தி எடுத்தது. அந்த முயல் ரோமம் விரல் பட்டுப் பட்டு கலைஞ்சதால படத்துல காங்கோட உடம்பு ரோமம் பூரா சிலிர்த்துக்கிட்டே இருக்கும், காத்து அடிக்கிற மாதிரி, கோவத்துல விடைக்கிற மாதிரி. உத்துப் பாத்தா அது ஒரு மனுசனோட விரல் தடம். தொண்ணூறு வருஷம் கழிச்சும் எனக்கு அதுல உயிரு தெரியுது, இப்ப வர்ற கம்ப்யூட்டர் குரங்குகள்ல ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது, ஆனா அந்த உயிரு தெரியல.

ஆனா அந்தப் படத்துல எனக்கு எப்பவும் வலிக்கிற ஒரு எடம் இருக்கு. அந்தத் தீவுல ஒரு சுவர். மலை மாதிரி சுவர், நடுவுல பெரிய கதவு. அந்தாண்ட காங், இந்தாண்ட ஊரு. தலைமுறை தலைமுறையா அந்த மக்கள் அதோட இருந்திருக்காங்க, அது எப்ப வரும், எங்க நிக்கும், எதைக் கேக்கும்னு அவங்களுக்குத் தெரியும். கப்பல்ல வந்த சினிமாக்காரன் ஒருத்தன் ரெண்டு மூணு நாள்ல அதப் பிடிச்சு சங்கிலி போட்டு நியூயார்க்குல மேடை ஏத்தி உலகத்தோட எட்டாவது அதிசயம்னு டிக்கெட் விக்கிறான். படத்துல அவன்தான் கண்டுபிடிச்சவன். அந்த ஊரு மக்கள படம் கூச்சல் போடுற கூட்டமாத்தான் காட்டுது, ஒருத்தருக்காச்சும் மனசுல நிக்கிற ஒரு முகம் இல்ல. அதுக்கு அப்புறம் வந்த எத்தனையோ படத்துல இதேதான், முதல்ல வந்து "அங்க போகாதீங்க"ன்னு சொல்றவன் உள்ளூர்க்காரன், பத்து நிமிசத்துல சாகுறவனும் அவன்தான். மலைல பொறந்து இத பாக்குறப்ப எனக்கு அந்த ஆளு எங்க மாமாவாத்தான் தெரியுறாரு.

பனிமனிதன் கதையும் இதே கோளாறுலதான் பொறந்துச்சு. 1921ல ஹோவர்ட்-பரி தலைமைல எவரெஸ்ட் பக்கம் போன பிரிட்டிஷ் கோஷ்டி பனில பெரிய கால் தடத்தப் பாத்தப்ப, கூட வந்த உள்ளூர் ஆளுங்க அவங்க பாஷைல ஒரு பேரு சொன்னாங்க. கல்கத்தாவுல ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் பேரத் தப்பா மொழிபெயர்த்து அருவருப்பான பனிமனிதன்னு எழுதிட்டாரு. அந்த ஒரு தப்பான வார்த்தைல இருந்துதான் உலகம் பூரா கதை, காமிக்ஸ், சினிமா எல்லாம் முளைச்சுச்சு. அந்த மலைல வாழுற ஷெர்பா மக்களுக்கு யெட்டி, அதாவது இந்தப் பனிமனிதன், அருவருப்பும் இல்ல அசிங்கமும் இல்ல, அது மலைல இருக்கிற ஒண்ணு, ஒதுங்கிப் போகணும், அவ்ளோதான். 1960ல எட்மண்ட் ஹிலாரி கோஷ்டி நேபாளத்துல கும்ஜுங்ங்கற ஷெர்பா ஊர்ல வச்சிருந்த யெட்டி மண்டைத் தோலக் கேட்டு வாங்கி வெளிநாட்டுக்குக் கொண்டு போனாங்க, ஊர்ப் பெரியவர் ஒருத்தரும் கூடவே போனாரு. அது ஒரு வகை மலை ஆட்டுத் தோல்ல செஞ்சதுன்னு தெரிஞ்சுச்சு. 2017ல யெட்டி எலும்பு, யெட்டி முடின்னு வச்சிருந்த ஒன்பது சாம்பிள டிஎன்ஏ டெஸ்ட் பண்ணுனதுல எட்டு கரடி, ஒண்ணு நாய். டெஸ்ட் பண்ணுனது நல்ல விசயம்தான், உண்மை தெரியணும், எனக்கு அதுல வருத்தமே இல்ல. ஆனா "அசிங்கம்"ங்கற பட்டத்த யாரும் வாபஸ் வாங்கல.

இப்ப எங்க தோட்டத்துக் கதை. எனக்கு அப்ப பத்து பதினோரு வயசு இருக்கும், மே மாசம், கோடை மழை ரெண்டு பெருசாப் பெஞ்சிருந்துச்சு. அப்பாவும் கூட வேலை பாத்த ஒரு மலையாளத்து சேட்டனும் ஓடை ஓரமா கிணறு தோண்டிட்டிருந்தாங்க. நாலடி இறங்கியிருப்பாங்க, மம்பட்டில மண்ணோட மண்ணா ஒண்ணு உருண்டு வந்துச்சு. நான் உருளைக்கிழங்குன்னு நெனச்சேன். ஊதாவும் கறுப்பும் கலந்த நெறம், ஊதுன பலூன் மாதிரி உடம்பு, அந்த உருண்டைல ஒட்ட வச்ச மாதிரி சின்னத் தலை, முன்னாடி கூரா ஒரு மூக்கு, பன்னிக்குட்டி மூக்கு மாதிரி. கண்ணு கடுகு அளவு. கைல வச்சா ஈரமாவும் கனமாவும் இருந்துச்சு, காலு குட்டையா மண்வெட்டி மாதிரி என் உள்ளங்கையத் தோண்டுச்சு. மேல போகப் பாக்கல, ஓடப் பாக்கல, கைக்குள்ளயே கீழ போகப் பாத்துச்சு. சேட்டன் பாத்துட்டு "இது பாதாளத் தவளை, மோனே"ன்னாரு, அதத் தள்ளி ஒரு ஈர மண்ணுல விடச் சொன்னாரு, விட்டதும் பின்பக்கமா சுத்திச் சுத்தி மண்ணுக்குள்ள இறங்கிப் போயிருச்சு. ரெண்டு நிமிசம் கூட ஆகல.

2003ல பிஜு, பாஸ்யூட்னு ரெண்டு விஞ்ஞானிங்க நேச்சர் பத்திரிகைல இத புது இனம், புது குடும்பம்னு எழுதுனாங்க, நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ்னு பேரு. ஆதாரமா வச்ச தவளை கிடைச்சது கட்டப்பனை பக்கம், எங்க தோட்டத்துல இருந்து பஸ்ல போற தூரம்தான். இதோட நெருங்குன சொந்தக்காரத் தவளை இருக்கிறது செஷல்ஸ் தீவுல, இந்தியாவும் அதுவும் ஒரே நெலமா ஒட்டியிருந்த காலத்துல பிரிஞ்ச வம்சம், அதாவது டைனோசர் நடந்த காலம். வருஷம் பூரா மண்ணுக்குள்ள கரையான் தின்னுட்டு இருந்துட்டு மழை தொடங்குறப்ப கொஞ்ச நாள் மட்டும் ஓடைக்கு வந்து ஜோடி சேந்து முட்டை போட்டுட்டு மறுபடி கீழ. அதனால மாவேலித் தவளைன்னும் சொல்றாங்க, ஓணத்துக்கு ஒரு தடவ பாதாளத்துல இருந்து வந்து போற மகாபலி மாதிரி. இதோட தலைப்பிரட்டைய 1910கள்லயே விஞ்ஞானிங்க விவரிச்சிருக்காங்க, இடுக்கில ஆதிவாசிகள் அந்தத் தலைப்பிரட்டைய ஓடைப் பாறைல இருந்து பிடிச்சு சமைச்சும் சாப்பிடுறாங்க. 2017ல ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நம்ம தமிழ்நாட்டுச் சரிவுலயே இன்னொரு இனம் பதிவாகி, மலைலயே ஆராய்ச்சி பண்ணி மலைலயே உயிர விட்ட பூபதிங்கற விஞ்ஞானியோட பேர அதுக்கு வச்சாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம்.

பேப்பர்ல அந்தப் படம் வந்தப்ப அப்பாகிட்ட காமிச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "இதுக்கா இவ்ளோ? இது நம்ம கெணத்துல வந்ததுல்ல?"ன்னாரு. அவரு கொறச்சுச் சொல்லல, சந்தோசமாத்தான் சொன்னாரு, தெரிஞ்ச பையன் பேப்பர்ல வந்தா ஒரு சந்தோசம் வருமே, அந்த மாதிரி.

கதைல இருந்து நெசத்துக்கு வந்ததும் ஒண்ணு உண்டு. 2018 கேரள வெள்ளத்துக்கு அப்புறம் மலப்புறத்துல ஒரு வயல்ல, பாம்புக்கும் மீனுக்கும் நடுவுல ஒரு உருவம் ராத்திரி நேரத்துல ஒருத்தர் கண்ணுல பட்டு, அவரு போட்டோ எடுத்து சோஷியல் மீடியால போட, அது நிலத்தடித் தண்ணில வாழுற மீனுன்னு தெரிஞ்சுச்சு. 2019ல வச்ச பேரு எனிக்மசன்னா கோல்லம். டோல்கீன் கதைல குகைக்குள்ள இருளுலயே கெடந்து மாறிப்போன கோல்லம், அதோட பேருதான். அடுத்த வருஷம் இது தனிக் குடும்பம்னே சொல்லிட்டாங்க, விரால் மீன் வகைல இருந்து கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சது. கிணத்துல எறைக்கிற தண்ணிக்கு அடில இப்படி ஒண்ணு போயிட்டு வந்துட்டு இருந்திருக்கு. தெக்க பேப்பாறை காட்டுல இருக்கிற காணிக்காரங்கன்ற பழங்குடி மக்கள் கல்லானைன்னு ஒரு குட்டை யானை இருக்குன்னு சொல்றாங்க, பாறைல ஏறும்னு சொல்றாங்க. 2005ல சாலி பாலோடுங்கற போட்டோகிராபர் ஒரு படமும் எடுத்தாரு, அது தனி இனமான்னு முடிவு வரல. எனக்கு அது தனி இனமா இருக்கும்னு தோணல, யானைல குட்டையானதும் பொறக்கும்தானே. ஆனா காணிக்காரங்க சொல்ற பேர நான் அழிக்க மாட்டேன்.

நம்ம ஆளுங்க இந்த மாதிரிக் கதைய ரெண்டாயிரம் வருஷமா எழுதிட்டிருக்காங்க. அகநானூத்துல ஆளின்னு ஒண்ணு வரும், யானையோட கொம்பப் பிடுங்கி உள்ள இருக்கிற குருத்தத் தின்னும், அதுதான் பின்னாடி கோயில் தூண்ல யாளியா நிக்குதுன்னு சொல்லுவாங்க. எனக்கு அத விட அசுணம்தான் உசுரு. மலை வெடிப்புக் குகைல இருக்கும், இசைன்னா உருகிப் போகும். யானையோட மதநீருக்கு மொய்க்கிற வண்டுச் சத்தத்த யாழ்னு நெனச்சு குகைக்குள்ள இருந்து காதக் குடுத்துக் கேக்குதுன்னு ஒரு பாட்டு. வேட்டைக்காரன் முதல்ல யாழ் வாசிச்சு அத வெளிய வரவச்சு அப்புறம் பறைய அடிப்பான், அந்தச் சத்தம் தாங்காம அது செத்துப் போகும். நற்றிணைல ஒரு பொண்ணு காதலனப் பத்திச் சொல்றப்ப அசுணத்தக் கொல்றவங்க கை மாதிரி இன்பமும் துன்பமும் சேந்து தர்றவன்னு சொல்லுவா. யோசிச்சுப் பாருங்க, அது எவ்ளோ பெருசு, எத்தனை காலு, பல்லு இருக்கா, ஒண்ணுமே அந்தப் பாட்டுல இல்ல. அது எதைக் கேக்கும்ங்கறது மட்டும்தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சு இத்தனை மென்மையா ஒரு மர்ம மிருகத்த வேற யாரும் எழுதல.

சினிமால நேர்மாறு, உருவம் ஊதிக்கிட்டே போகும். அந்த முதல் காங் தீவுல 18 அடி, நியூயார்க் வந்ததும் 24 அடி ஆக்கிட்டாங்க, 2017ல வந்த காங் 104 அடி. 1954ல காட்ஜில்லா 50 மீட்டர், 2016ல 118 மீட்டர். கட்டடம் வளருது, அதனால மிருகமும் வளருது. பயம் வளந்துச்சான்னா எனக்கு வளரல. ஸ்பீல்பெர்க் 1975ல ஜாஸ் எடுத்தப்ப உப்புத் தண்ணில மெஷின் சுறா ரிப்பேராகிக்கிட்டே இருந்ததால அதக் காட்டாமலே பாதிப் படத்துக்கு மேல ஓட்ட வேண்டியதாச்சு, தண்ணியும் மியூசிக்கும் மட்டும் வச்சு, அந்தப் பாதிதான் இன்னைக்கும் கடல்ல காலு வைக்கப் பயமுறுத்துது. எங்க மூடுபனியும் அதேதான் பண்ணும், பாதிதான் காட்டும்.

ஸ்காட்லாந்துல இருக்கிற லாக் நெஸ் ஏரிக் கதைய மட்டும் சொல்லிட்டு மாமாகிட்ட திரும்பிடுறேன், ஏன்னா சினிமாவும் ஏரியும் அங்க பின்னிப் போயிருக்கு. 1933 வசந்தத்துல கிங் காங் லண்டன் தியேட்டருக்கு வருது, அதே வருஷக் கோடைல ஒருத்தர் நீளக் கழுத்தோட ஒரு ஜந்து ரோட்டக் கடந்துச்சுன்னு சொல்றாரு, காங் படத்துல அப்படி ஒரு நீளக் கழுத்து மிருகம் உண்டு. 1934ல வந்த பிரபலமான கழுத்துப் போட்டோ, பொம்மை நீர்மூழ்கி மேல ஒட்டுன தலைன்னு 1994ல வெளிய வந்துச்சு. 1969ல பில்லி வைல்டர்ங்கற டைரக்டரோட ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் படத்துக்காக முப்பது அடி நீளத்துல ஒரு ஏரி மிருகம் செஞ்சாங்க, டைரக்டருக்கு முதுகுத் திமில் பிடிக்கல, எடுக்கச் சொன்னாரு, எடுத்ததும் மெதப்பு போயி ஏரிக்குள்ள முங்கிருச்சு. 2016ல ரோபோ விட்டு ஏரி அடிய சர்வே பண்ணுனப்ப அது அங்க கெடந்துச்சு, ஒரு மிருகம் படுத்திருக்கிற மாதிரியே. அத்தனை பேரு அத்தனை வருஷம் தேடுன ஏரில கடைசில கிடைச்சது சினிமாவோட மிருகம். பாவம், அது அங்கயே இருக்கட்டும்.

மாமா கதையும் ஊருக்குள்ள ஊதிருச்சு. எஸ்டேட் டீக்கடைல ஒருத்தர் அத சிறுத்தை அளவுன்னாரு, அடுத்த வருஷம் புலி அளவு ஆச்சு, ஒரு கல்யாண வீட்டுல யாரோ அது மாமா மேல பாய வந்துச்சுன்னே சொன்னாங்க. மாமா ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு "பாயல. என்னையப் பாத்துச்சு, போச்சு. கம்புக்கு ஒரு சாண் கொறச்சல்"னு திருத்துவாரு. கதை கேக்க வந்தவங்களுக்குச் சப்புன்னு போயிரும், அவருக்கு அதப் பத்தி கவலையே இல்ல. நான் கூட சின்ன வயசுல "அந்த எடம் சூடா இருந்துச்சா மாமா"ன்னு கேட்டேன், சூடுன்னு சொன்னா கதைக்கு நல்லா இருக்கும். "இல்ல மாப்ள, ஈரமாத்தான் இருந்துச்சு."

ரிட்டயர் ஆனா லயத்தக் காலி பண்ணணும், அதனால இப்ப மாமா போடில இருக்காரு, வெக்கை தாங்காம மொட்டை மாடிலதான் படுக்கை. போன வாரம் பையனக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ராத்திரி பாயில உக்காந்து அவன் கேட்டான், "தாத்தா, புகையன் பெருசா, காங் பெருசா?" மாமா அந்தக் கம்பத் தேடுனாரு, அது மலை மேலயே போயிருச்சு, எங்கயோ. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அவனப் பாயில படுக்கச் சொன்னாரு.

"ஒருக்களிச்சுப் படு. காலை மடக்கு. இன்னும் மடக்கு, தாடை முழங்கால்ல படணும். கைய உள்ள வை."

அவன் சுருண்டு படுத்தான். மாமா எந்திரிச்சு நின்னு, ரெண்டு அடி தள்ளிப் போயி, அவனத் தலைல இருந்து கால் வரைக்கும் பாத்தாரு. திரும்பக் கிட்ட வந்து அவன் பாதத்த மட்டும் ஒரு விரக்கடை உள்ள தள்ளுனாரு.

"ஆங். இவ்ளோதான்."

பையன் அசையாம அப்படியே படுத்திருந்தான், ரொம்ப நேரம்.